கடலூரில் இறந்த கணக்கு வாத்தியார்

கடலூர் சில்வர் பீச்சுக்குப் போயிருக்கீங்களா? தேவனாம்பட்டினம்னு சொன்னா ஊர்க்காரங்களுக்கு உடனே புரியும். சுண்டல், பஜ்ஜி, பட்டம், ஞாயித்துக்கிழமைக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்துலேயே, கெடிலம் ஆறு கடலைத் தொடுற இடத்தை ஒட்டி, ஒரு காலத்துல செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. இன்னிக்குப் போனா கோட்டைன்னு சொல்ற மாதிரி பெருசா எதுவும் இல்லை. 1758ல பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடிச்சு, மதில்களை இடிச்சுத் தள்ளிட்டுப் போயிட்டார்.

அந்தக் கோட்டையில 1751 ஜூலை 29 அன்னிக்கு ஒரு ஆள் காய்ச்சல்ல செத்துப்போனார். வயசு 44. பேரு பெஞ்சமின் ராபின்ஸ். லண்டன்ல பசங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துப் பிழைச்ச ஆள். துப்பாக்கியிலிருந்து புறப்படுற குண்டு எவ்வளவு வேகமாப் போகுதுங்கிறதை நம்பகமா அளந்து காட்டின முதல் மனுஷன்னு வரலாறு இவரைத்தான் சொல்லுது.

போன மாசம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "யூடியூப்ல அமெரிக்காக்காரங்க வீட்டு மேஜையில உட்கார்ந்து தோட்டாவை அவங்களே தயாரிக்கிறாங்க. தராசுல பவுடரை எடை போட்டு, ஒவ்வொண்ணா ரொப்பி, ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்த்து நோட்டுல எழுதுறாங்க. கடையிலேயே தோட்டா கிடைக்கும்போது இது எதுக்கு?" அந்த வேலைக்கு ஹேண்ட்லோடிங்னு பேரு. எதுக்குன்னு புரியணும்னா நாம கடலூர்ல செத்த இந்தக் கணக்கு வாத்தியார்கிட்டதான் முதல்ல போகணும்.

ஒரு விஷயம் இப்பவே சொல்லிடறேன். இந்தியாவுல 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறதே குற்றம். அதனால இது செய்முறை வகுப்பு இல்லை. ஒரு குண்டு ஏன் சொன்ன இடத்துக்குப் போகுது, ஏன் போகாம விடுது, அதைக் கண்டுபிடிக்க மனுஷங்க என்ன விலை கொடுத்தாங்கங்கிற வரலாறு.

காகிதத்தில் பறந்த குண்டு

ராபின்ஸுக்கு முன்னாடி துப்பாக்கி, பீரங்கி பத்தி யாருமே யோசிக்கலையான்னு கேட்டா, நிறைய யோசிச்சாங்க. 1537ல இத்தாலியில டார்டாக்லியா பீரங்கிக் குண்டோட பாதையைப் பத்திப் புத்தகமே எழுதினார். 1638ல கலிலியோ அதை இன்னும் அழகாக்கினார்: எறிஞ்ச பொருள் பரவளையப் பாதையில போகும். பிளஸ் ஒன் இயற்பியல்ல நாம எல்லாரும் போட்ட கணக்கு அது. கடைசியில ஒரு வரி வருமே, "காற்றின் தடையைப் புறக்கணிக்க"ன்னு? அந்த வரியிலதான் பிரச்சினை.

வேகமாப் போற குண்டுக்கு இந்தக் கணக்கு சரியா வராதுன்னு கலிலியோவுக்கே தெரியும், எழுதியும் வச்சார். ஆனா அவருக்கு அப்புறம் வந்த பீரங்கிப் பாடப்புத்தகக்காரங்க அதைக் கண்டுக்கலை. அவ்வளவு கனமான இரும்புக் குண்டை இத்தனூண்டு காத்து என்ன பண்ணிடப்போகுதுன்னு விட்டுட்டாங்க. அட்டவணை மேல அட்டவணை போட்டாங்க. களத்துல குண்டு வேற எங்கேயோ விழுந்தது. சுட்டவனோட கைராசி, மருந்தோட குணம்னு காரணம் சொல்லிக்கிட்டாங்க.

அவங்களையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. கண் இமைக்கிறதுக்குள்ள போற ஒரு பொருளோட வேகத்தை எப்படி அளப்பீங்க? அன்னிக்கு நொடியைத் துண்டு போடுற கடிகாரம் கிடையாது. கேமரா கிடையாது. அளக்க முடியாததை வச்சு யாரும் யாரையும் தப்புன்னு நிரூபிக்கவும் முடியாது. எல்லார் அபிப்ராயமும் சரின்னு ஓடிக்கிட்டிருந்தது.

ஊஞ்சல் சொன்ன விடை

ராபின்ஸ் 1707ல இங்கிலாந்தோட பாத் நகரத்துல பிறந்தார். குவேக்கர் குடும்பம். குவேக்கர்னா போரே கூடாதுன்னு சொல்ற கிறிஸ்தவப் பிரிவு. அந்த வீட்டுப் பையன் வாழ்நாள் முழுக்க பீரங்கியும் கோட்டையும் பத்தி ஆராய்ச்சி பண்ணப்போறான். இந்த முரணைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திரும்பி வருவோம்.

1742ல அவர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். 'நியூ பிரின்சிபிள்ஸ் ஆஃப் கன்னரி', பீரங்கிக் கலையின் புதிய கொள்கைகள். அதுல ஒரு கருவி வருது. அதைப் பார்த்தா இவ்வளவுதானான்னு தோணும். ஒரு முக்காலிச் சட்டம், அதுலேருந்து தொங்குற கனமான ஊசல், ஊசல் முகத்துல கெட்டியான மரக்கட்டை. மொத்தம் சுமார் 56 பவுண்டு எடை. அடியில ஒரு நாடா கட்டியிருக்கும். ஊசல் பின்னாடி போகும்போது நாடா அதோட இழுபட்டு வெளியே வரும். எவ்வளவு வந்திருக்குன்னு அளந்தா, ஊசல் எவ்வளவு தூரம் ஆடிச்சுன்னு தெரியும்.

அந்தக் கட்டையில சுடணும். குண்டு உள்ளே பதிஞ்சு நின்னுடும். குண்டோட வேகம் பல நூறு மடங்கு குறைஞ்சு ஊசலோட மெதுவான ஆட்டமா மாறும், ஒரு குழந்தை ஊஞ்சல் ஆடுற மாதிரி. குண்டோட எடை தெரியும், ஊசலோட எடை தெரியும், ஆடின தூரம் தெரியும். நியூட்டன் சொன்ன உந்தக் கணக்கைப் போட்டா குண்டோட வேகம் வந்துடும். கண்ணால பார்க்க முடியாத வேகத்தைக் கண்ணால பார்க்கிற வேகமா மாத்திக் காட்டினதுதான் இதோட புத்திசாலித்தனம்.

விடை என்ன? முக்கால் அங்குல விட்டமுள்ள மஸ்கட் குண்டு, நொடிக்குச் சுமார் 1,600லேருந்து 1,700 அடி. ஒலியோட வேகத்தை விட நல்லாவே ஜாஸ்தி.

அவர் அங்கேயே நிக்கலை. ஊசலைத் துப்பாக்கிக்குப் பக்கத்துல வச்சும் சுட்டார், தள்ளி வச்சும் சுட்டார். தள்ளி வச்சா வேகம் குறையுது. நடுவுல இருக்கிறது காத்து மட்டும்தான். அப்ப அந்தக் குறைச்சல் காத்து தின்ன பங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தா, அந்த வேகத்துல குண்டு மேல காத்து கொடுக்கிற தடை, குண்டோட சொந்த எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல. புறக்கணிக்கச் சொன்னாங்களே, அந்தக் காத்து! 24 பவுண்டு பீரங்கிக் குண்டு பரவளையக் கணக்குப்படி சுமார் 16 மைல் போகணும். நிஜத்துல 3 மைல்கூடப் போறதில்லைன்னு ராபின்ஸ் போட்டு உடைச்சார். 200 வருஷத்து அட்டவணைகள் ஒரே அடியில காலி.

இதுக்காக 1746ல ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. அதைவிடச் சுவையான பாராட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது. சில வருஷம் முன்னாடி ராபின்ஸ், பெரிய கணித மேதை ஆய்லரோட புத்தகத்தைக் கடுமையா விமர்சிச்சு எழுதியிருந்தார். பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக் பீரங்கி பத்தி நல்ல புத்தகம் எதுன்னு கேட்டப்போ, ஆய்லர் அந்த மனஸ்தாபத்தை மனசுல வச்சுக்காம ராபின்ஸோட புத்தகத்தைத்தான் சொன்னார். 1745ல தானே ஜெர்மன்ல மொழிபெயர்த்தார். கூடவே மூலத்தைவிடப் பல மடங்கு நீளத்துக்கு விளக்கமும் எழுதினார். அது பிறகு பிரெஞ்சுக்குப் போச்சு. பிரெஞ்சில் கொண்டுவந்த லோம்பார், ஓக்ஸோன் பீரங்கிப் பள்ளியில வாத்தியார். அவர்கிட்டப் படிச்ச ஒரு இளம் அதிகாரி பேரு நெப்போலியன் போனபார்ட்.

கோணல் குழலும் சுழலும் குண்டும்

இன்னொரு புதிர் இருந்தது. குழலை அசையாமக் கட்டி வச்சு, அதே மருந்து, அதே குண்டு போட்டுச் சுட்டாலும் ஒண்ணு இடது பக்கம் போகுது, ஒண்ணு வலது பக்கம் போகுது. ஏன்?

உருண்டைக் குண்டு வழவழப்பான குழலுக்குள்ள போகும்போது சுவரை உரசி ஏதோ ஒரு பக்கமாச் சுழல ஆரம்பிச்சுடுது, அந்தச் சுழற்சிதான் காத்துல அதை வளைக்குதுன்னு ராபின்ஸ் சந்தேகப்பட்டார். நிரூபிக்க அவர் பண்ணின சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. துப்பாக்கிக் குழலோட முனையை வேணும்னே இடது பக்கம் வளைச்சார். மெல்லிசான காகிதத் திரைகளை வரிசையா நட்டார். சுட்டா குண்டு முதல்ல இடது பக்கம் போச்சு, எல்லாரும் எதிர்பார்த்த மாதிரியே. அப்புறம் போகப் போக வலது பக்கம் திரும்பி, நேர்க்கோட்டையே தாண்டி அந்தப் பக்கம் போயிடுச்சு. வளைஞ்ச குழல்ல குண்டு வலது சுவரை உரசிக்கிட்டு வந்ததால, அந்தப் பக்கமாச் சுழன்றது. ஃப்ரீ கிக்ல பந்து சுவர் மாதிரி நிக்கிறவங்களைச் சுத்தி வளையுமே, அதே சங்கதி.

அப்ப தீர்வு என்ன? சுழற்சியை நிறுத்த முடியாது. சரி, நமக்குத் தேவையான மாதிரி சுழல வைப்போம். குழலுக்குள்ள சுருள் சுருளாப் பள்ளம் வெட்டினா, குண்டு போற திசையையே அச்சா வச்சுப் பம்பரம் மாதிரி சுழலும், நேராப் போகும். இந்தப் பள்ளம் வெட்டின குழல், அதாவது ரைஃபிள், அப்பவே வேட்டைக்காரங்ககிட்ட இருந்தது. ஆனா அது ஏன் வேலை செய்யுதுன்னு விளக்கி, 1747ல ராயல் சொசைட்டியில ராபின்ஸ் ஒரு கட்டுரை படிச்சார். எந்த நாடு இதை முழுசாப் புரிஞ்சுக்கிட்டுத் தன் படைக்குக் கொடுக்குதோ, அந்த நாடு மத்தவங்களை மிஞ்சிடும்னு அதுல சொன்னார். நூறு வருஷம் கழிச்சு அது அப்படியே நடந்தது.

கடலூர்

சரி, இப்படிப்பட்ட ஆள் தேவனாம்பட்டினத்துல என்ன பண்ணினார்?

1746ல பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சுட்டாங்க. புதுச்சேரியில டூப்ளே உச்சத்துல இருந்த நேரம். சோழமண்டலக் கரையில கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தலைமை இடமா மிஞ்சினது செயின்ட் டேவிட் கோட்டைதான். 1749ல ஒப்பந்தப்படி சென்னை திரும்பக் கிடைச்சாலும், கம்பெனிக்குப் பயம் போகலை. கோட்டைகளைப் பலப்படுத்த ஒரு நல்ல பொறியாளர் வேணும். ராபின்ஸைத் தலைமைப் பொறியாளரா நியமிச்சாங்க. 1749 கடைசியில கப்பல் ஏறி, 1750 ஜூலையில கடலூர் வந்து சேர்ந்தார்.

வந்த சில வாரத்துலேயே காய்ச்சல். தேறினார். கோட்டைக்கும் சென்னைக்கும் திட்டம் போட்டார். மறுபடி படுத்தார். கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கிட்டிருக்கும்போதே, கையில பேனாவோட உயிர் போச்சுன்னு அவரோட வாழ்க்கைக் குறிப்பு எழுதினவங்க சொல்றாங்க. இங்க வந்து சரியா ஒரு வருஷம். அதே 1751ல கிளைவ் ஆற்காட்டைப் பிடிச்சார். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

குண்டு எப்படிப் பறக்குதுன்னு உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த ஆள், கெடிலக் கரையில ஒரு வியாபாரக் கம்பெனிக்கு மதில் கட்ட வந்து செத்தார். அந்த மதிலும் ஏழே வருஷத்துல போச்சு. அவர் விட்டுட்டுப் போன பழக்கம் மட்டும் போகலை: சொல்லாதே, அளந்து காட்டு.

மூணே பாயின்ட்

அந்தப் பழக்கம் சாதாரண ஆளுங்க கைக்கு எப்போ வந்ததுன்னு பார்க்கணும்னா, 1874 செப்டம்பர் 26ஆம் தேதி நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்டுக்குப் போகணும். இடம் பேரு க்ரீட்மோர். ஒரு விவசாயியோட நிலத்தை வாங்கி, முந்தின வருஷம்தான் சுடுதளமா மாத்தியிருந்தாங்க.

அயர்லாந்து அணி அப்போ பிரிட்டன்லேயே பெரிய கோப்பையை ஜெயிச்சிருந்தது. அமெரிக்காவுக்குச் சவால் விட்டாங்க. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கஜம். ஒவ்வொரு தூரத்துலேயும் ஆளுக்கு 15 தடவை சுடணும். அயர்லாந்துக்காரங்க கையில முன்வாய் வழியா மருந்து போடுற பழைய முறை ரைஃபிள், ஆனா அந்த வகையில உச்சம். அமெரிக்கர்கள் கையில ரெமிங்டன், ஷார்ப்ஸ் கம்பெனிகள் செஞ்ச புது ரைஃபிள், பின்பக்கமாத் தோட்டா போடுறது. பழசா புதுசாங்கிற போட்டி. பார்க்க வந்த கூட்டம் ஆயிரக்கணக்கில.

யோசிச்சுப் பாருங்க. 1,000 கஜம்னா கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். கருமருந்து. அந்தத் தூரத்துல, ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் வேகத்துல ஒரு சதவீத வித்தியாசம் வந்தாலே குண்டு பல அங்குலம் மேலேயோ கீழேயோ போயிடும். கை எவ்வளவு உறுதியா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அதனாலதான் இந்த மாதிரி சுடுறவங்க ஒவ்வொரு சுடுதலுக்கும் மருந்தைத் தனித்தனியா அளந்து கொண்டு வந்தாங்க, குண்டைத் தேர்ந்தெடுத்து எடுத்து வச்சாங்க. ராபின்ஸோட பாடம் போட்டிக்காரங்களோட பெட்டிக்குள்ள வந்தாச்சு.

அயர்லாந்து வீரர் மில்னர் ஒரு தடவை இலக்கோட நட்டநடுவுல அடிச்சார். கைதட்டல் வரலை. ஏன்னா அது பக்கத்து இலக்கு! அதுக்குச் சுழியம். கடைசிச் சுற்றுல அமெரிக்காவோட ஜான் போடின் கையில ஜிஞ்சர் பீர் பாட்டில் உடைஞ்சு ரத்தம் ஒழுகுது. கைக்குட்டையைச் சுத்திக்கிட்டுப் படுத்து, கடைசி குண்டைச் சுட்டார். பட்டது. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. நடு இலக்குக்கு 4 பாயின்ட். மில்னர் சரியான பலகையில அடிச்சிருந்தா அயர்லாந்து 935.

அந்த ஊர்ப் பேரை வச்சு 2007ல ஒரு தோட்டாவே வந்தது, 6.5 க்ரீட்மோர்னு. தூர இலக்குச் சுடுறவங்க மத்தியில இன்னிக்கும் அதுக்குப் பெரிய மவுசு.

புகை போச்சு, பயம் வந்தது

ஒரு தோட்டாவுல நாலு பாகம்: பித்தளை உறை, அடியில தீ மூட்டுற ப்ரைமர், உள்ளே பவுடர், நுனியில குண்டு. சுட்டதுக்கு அப்புறம் மிஞ்சுற ஒரே பாகம் உறைதான். விலை ஜாஸ்தியான பாகமும் அதுதான். அதை ஏன் தூக்கிப் போடணும்? 1870களில் அமெரிக்கப் புல்வெளியில காட்டெருமை வேட்டையாடினவங்க காலி உறையைத் திரும்பத் திரும்ப ரொப்பிக்கிட்டாங்க. கடை ரொம்பத் தூரம். 1884ல ஜான் பார்லோங்கிறவர் இதுக்கான கைக்கருவிகளை விக்க ஐடியல்னு கம்பெனியே ஆரம்பிச்சார். சிக்கனத்துல ஆரம்பிச்ச வேலை இது.

அதே 1884ல பிரான்ஸ்ல பால் வியே புகையில்லா மருந்தைக் கண்டுபிடிச்சார். களமே மாறிடுச்சு. குண்டோட வேகம் எகிறுச்சு, புகை மண்டலம் போச்சு. ஆனா ஒரு ஆபத்து உள்ளே வந்தது. கருமருந்துக் காலத்துல உறை நிறைய ரொப்புறதுதான் வழக்கம், படியால அளந்தாலே போதும். புது மருந்துக்கு அதே பழக்கத்தைக் கொண்டுவந்தவங்க துப்பாக்கி வெடிச்சுச் சிதறிச்சு. விரல் போச்சு, கண் போச்சு.

காரணம் இதுதான். புகையில்லா மருந்து எரியுற வேகம், சுத்தி இருக்கிற அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஏறினா வேகமா எரியும். வேகமா எரிஞ்சா அழுத்தம் இன்னும் ஏறும். பால் பொங்குறதைப் பார்த்திருப்பீங்களே, ரொம்ப நேரம் ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும், கண்ணை எடுத்த நொடியில அடுப்பெல்லாம் பால். ஓரளவுக்கு மேல, கொஞ்சம் மருந்து கூடினாலும் அழுத்தம் அதே விகிதத்துல கூடாது, தாவும். இன்னிக்குப் பரவலா இருக்கிற .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வச்சிருக்கிற அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. உங்க கார் டயர்ல இருக்கிறது 32. கன்னத்துக்குச் சில அங்குலம் பக்கத்துல, டயரைப் போல சுமார் 1,900 மடங்கு அழுத்தத்தை வச்சுக்கிட்டு சுடுறாங்க.

கண்ணுக்குத் தெரியாத வேகத்துக்கு ராபின்ஸ் ஒரு ஊசல் கண்டுபிடிச்ச மாதிரி, கண்ணுக்குத் தெரியாத அழுத்தத்துக்கும் ஒண்ணு வேணும். 1860 வாக்கில ஆண்ட்ரூ நோபிள் அதைச் செஞ்சார். குழல்ல ஒரு துளை போட்டு, ஒரு சின்னச் செப்புத் துண்டை வச்சார். வெடிக்கும்போது செம்பு எவ்வளவு நசுங்குதோ அவ்வளவு அழுத்தம். அதே பத்து வருஷத்துல பெல்ஜியத்து அதிகாரி லெ பூலாஞ்சே, ஊசலுக்குப் பதிலா ஒரு வேகமானி செஞ்சார். குண்டு முதல் கம்பியை அறுத்தா ஒரு கோல் விழ ஆரம்பிக்கும். ரெண்டாவது கம்பியை அறுத்தா ஒரு கத்தி அந்தக் கோல்ல கீறும். கீறல் எந்த உயரத்துல இருக்குன்னு பார்த்தா நேரம் தெரிஞ்சுடும். புவியீர்ப்பையே கடிகாரமா மாத்திட்டார். இப்போ அந்த வேலையை ரேடார் செய்யுது, செல்போன்ல விடை வந்துடுது.

இந்த அளவுகள் எல்லாம் சேர்ந்துதான் ஹேண்ட்லோடிங்கோட பாதுகாப்பு விதிகளா மாறிச்சு. மருந்து தயாரிக்கிறவங்க ஆய்வகத்துல அழுத்தத்தை அளந்து வெளியிட்ட அட்டவணையைத் தாண்டிப் போகாதே. அதுல இருக்கிற உச்ச அளவிலேருந்து ஆரம்பிக்காதே, குறைஞ்ச அளவிலேருந்து சின்னச் சின்ன படியா ஏறு. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. மேஜை மேல ஒரே ஒரு பவுடர் டப்பா. குண்டை வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு உறைக்குள்ளேயும் விளக்கு அடிச்சுப் பார், ஒண்ணுல ரெண்டு தடவை மருந்து விழுந்திருக்கலாம். அடுத்தவன் துப்பாக்கிக்குச் சரியா இருந்தது உன் துப்பாக்கிக்குச் சரியா இருக்கும்னு நினைக்காதே. இதுல ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தரோட கை இருக்கு.

மருந்தை எடை போடுற அலகு கிரெயின். பார்லி தானியத்தோட எடையிலிருந்து வந்தது. 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. நம்ம ஊர் பொற்கொல்லர் குன்றிமணி வச்சுத் தங்கம் நிறுத்தாரே, அதுல பாதி எடைதான் ஒரு கிரெயின். அந்தக் கிரெயினையும் பத்தாப் பிரிச்சுத்தான் நிறுக்கிறாங்க. தங்கத்துக்குக் காட்டுற பயபக்தி அங்கே பவுடருக்கு.

ஒரு பானை சோறு

இப்போ நம்ம நேயரோட கேள்விக்கு வரலாம். எதுக்கு இவ்வளவு? பதில்: ஒவ்வொரு குழலும் கொஞ்சம் வேற. தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் ஓரளவு பொருந்துற ரெடிமேட் சட்டை. ஹேண்ட்லோட் தையல்காரர்கிட்ட அளவு கொடுத்துத் தைச்சது.

ஆனா தைச்ச சட்டை நிஜமாவே பொருந்துதா, பொருந்துற மாதிரி தெரியுதா? இந்தக் கேள்வியை வெறித்தனமாத் துரத்தின ஆள் ஒருத்தர். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்து டாக்டர் ஃபிராங்க்ளின் மான். சுடுறவனோட கை நடுக்கத்தையே கணக்கிலிருந்து எடுக்கணும்னு கான்கிரீட்ல பீடம் கட்டினார். குண்டுகளை வேணும்னே கெடுத்துச் சுட்டார். நுனியைச் சிதைச்சா பெரிய பாதிப்பு இல்லை, அடிப்பகுதியில சின்னக் குறை இருந்தா குண்டு எங்கேயோ போகுதுன்னு காட்டினார். பல பத்து வருஷச் சோதனையை 1909ல புத்தகமாப் போட்டார்.

மானோட பாடம் இன்னிக்கும் முழுசா உள்ளே போகலைன்னுதான் நான் நினைக்கிறேன். இன்னிக்கு ஹேண்ட்லோடிங்ல ஓடுற பெரிய சண்டையே இதுதான். ஒருத்தர் அஞ்சு விதமான மருந்து அளவுல மூணு மூணு தோட்டா தயார் பண்றார். சுடுறார். ஒரு அளவுல மூணு ஓட்டையும் ஒட்டி ஒட்டி விழுது. "இதுதான்டா என் துப்பாக்கிக்குப் பிடிச்ச அளவு"ன்னு முடிவு பண்ணிடறார். அடுத்த வாரம் அதே அளவுல சுட்டா ஓட்டைகள் சிதறிக் கிடக்கு.

நம்ம ஊர்ல சொல்வோமே, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அது ஏன் உண்மை? பானைக்குள்ள எல்லா அரிசியும் ஒரே தண்ணியில, ஒரே தீயில வெந்திருக்கு. ஒண்ணு வெந்தா எல்லாம் வெந்த மாதிரி. தோட்டா அப்படி இல்லை. ஒவ்வொண்ணும் தனித்தனி உலை. மூணு குண்டு பக்கத்துல பக்கத்துல விழுறது தற்செயலாவும் நடக்கும். அஞ்சு அளவைச் சோதிச்சா, ஒண்ணாவது அழகா விழுறதுக்கு வாய்ப்பு இன்னும் ஜாஸ்தி. அதனால விவரம் தெரிஞ்சவங்க இப்போ இருபது, முப்பது தடவை சுட்டுத்தான் பேசறாங்க. அப்படிப் பார்க்கும்போது, ரகசியம்னு நினைச்ச பல நுணுக்கங்கள் காணாமப் போயிடுது. நல்ல குழல், நல்ல குண்டு, சீரான மருந்து. மிஞ்சுறது பெரும்பாலும் இவ்வளவுதான்.

இது துப்பாக்கியோட நிக்கிற விஷயம் இல்லை. மூணு ரிவ்யூ பார்த்து ஹோட்டலை முடிவு பண்றோம். ரெண்டு நண்பர்களுக்கு லாபம் வந்ததுன்னு பங்குல பணம் போடறோம். நமக்கும் ஓட்டைகள் ஒட்டி விழுந்த காகிதம்தான் கண்ணுல படுது. சிதறின காகிதத்தை யாரும் ஸ்டேட்டஸ் போடறதில்லை.

திரும்பவும் கடற்கரைக்கு

போர் கூடாதுன்னு சொன்ன குடும்பத்துப் பையன், போரைத் துல்லியமாக்கினான்னு ஆரம்பத்துல சொன்னேன். அதை நான் நல்லதுன்னு சொல்ல வரலை. அவர் கணக்கு போட்ட ரைஃபிள்கள் அடுத்த நூற்றாண்டுல யார் மேல திரும்பிச்சுன்னு நம்ம மண்ணுக்குத் தெரியும். அளவுகோலுக்கு மனசாட்சி கிடையாது, அதைப் பிடிச்சிருக்கிற கைக்குத்தான் அது வேணும்.

ஆனா கதைக்கு இன்னொரு நுனியும் இருக்கு. 2019ல ரியோ டி ஜெனிரோவுல உலகக் கோப்பைத் துப்பாக்கி சுடுதல் போட்டி. பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல தங்கம் வாங்கின பொண்ணு இளவேனில் வாலறிவன். அப்போதான் இருபது வயசு ஆகியிருந்தது. வளர்ந்தது குஜராத்ல. பிறந்த ஊர் கடலூர்.

அவங்க ரைஃபிள்ல பவுடர் கிடையாது, அமுக்கின காத்துதான். குண்டை உதைக்கிறதும் காத்து, வழியில தடுக்கிறதும் காத்து. புறக்கணிக்கச் சொன்ன அதே காத்து. அதுக்கு எடை உண்டு, பலம் உண்டுன்னு அளந்து காட்டின வாத்தியார் செத்த ஊர்ல பிறந்த பொண்ணு, அந்தக் காத்தை வச்சே தங்கம் அடிச்சாங்க. இது தற்செயல்தான். மூணு தோட்டாவை வச்சு முடிவு கட்டாதீங்கன்னு இப்பதான் சொன்னேன், அதனால இதுல பெரிய அர்த்தம் எதுவும் தேட மாட்டேன்.

அடுத்த தடவை சில்வர் பீச்சுக்குப் போனா, சுண்டல் பொட்டலத்தோட கெடிலம் முகத்துவாரம் பக்கமா ஒரு நடை போயிட்டு வாங்க. முகத்துல அடிக்கிற அந்தக் காத்தை ஒரு நிமிஷம் நின்னு வாங்கிக்கோங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.